மூன்று கட்டையில் ஒரு மழைப் பாட்டு

"பொட்டிக்குத் தனி சீட்டோ, அண்ணாச்சி?"

விஜிலா கேட்ட கேள்வியில் ஷேர் ஆட்டோவே திரும்பிப் பார்த்தது. பின்னே என்ன? கொட்டுகிற மழையில் ஒருத்தி தொப்பலாக நனைந்து ஏறுகிறாள்... மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஓர் ஆளும், அவர் பக்கத்தில் ராஜா மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியும் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் கோபம் வராதா?

"இது நனையக் கூடாதுங்க," என்றார் அந்த ஆள்.

"நான் நனையலாமாக்கும்?"

"நீங்கதான் ஏற்கெனவே நனைஞ்சிட்டியளே."

அடேயப்பா, என்ன திமிர்! விஜிலா முறைத்தாள். அவர் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். கையிலிருந்த குடையை விரித்துச் சாரல் அடிக்கிற பக்கமாகப் பெட்டிக்குப் பிடித்தார். அவர் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஒரு துளி இல்லை.

"உள்ள என்ன, பச்சப்பிள்ளையா?"

"அதைவிட மோசம். பிள்ளையாவது நனைஞ்சா அழும். இது ஊமையாயிரும்."

அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தாள். சிரிப்பை உதட்டுக்கு விடாமல் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிற கண்கள்... இமையில் மழைத்தண்ணீர் தொங்கியது. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயசு இருக்கும். இந்த வயசில் ஓர் ஆம்பளைக்கு இவ்வளவு நீள இமை எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் ஏன் வந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

மூன்றாவது தெரு முனையில் இறங்கினாள். அவரும் இறங்கினார். கணுக்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவரும் நடந்தார்.

"ஏங்க, எதுக்கு என்கூடவே வாறிய?"

"நான் முன்னாலல்லா போறேன். நீங்கதான் பின்னால வாறிய."

நீலக் கேட்டுப் போட்ட வீட்டு முன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். மாடியில் யாரோ கீபோர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஐயையோ... சிலுவை அண்ணன் சொன்ன புதுப் பாட்டுக்காரி நீங்கதானா?"

* * *

விஜிலாவுக்கு நாற்பத்தாறு வயது. மெஞ்ஞானபுரத்துச் சர்ச் கொயரில் முளைத்த குரல் அவளுடையது. சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு ஹோட்டல் பேண்டில் சேர்ந்து, சனிக்கிழமை தவறாமல் ஜாஸும் பாப்பும் பாடினாள். நாலு வருஷம். இருபத்து நான்கில் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தாள். இரும்புக்கடை வைத்திருந்த மாப்பிள்ளை தங்கமான மனுஷன். 'பாடாதே' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'பாடு' என்றும் சொன்னதில்லை. இவளும் 'எனக்குப் பாடணும்' என்று வாய் திறந்து கேட்டதில்லை. பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சினாள், யூனிபார்ம் தேய்த்தாள், ஹோம்வொர்க் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பையன் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறான். மகள் இவாஞ்சலின் பாளையங்கோட்டையில் ஹாஸ்டல். வீட்டில் பிரஷர் குக்கர் விசில் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தது. சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற சிலுவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாடிய பாட்டைக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, எங்க பேண்டுக்கு ஒரு குரல் வேணும், வாறியளா?" என்று கேட்டார். விஜிலா அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்காமல் சந்தோஷப்பட்டாள்.

டிசம்பர் இருபதாம் தேதி, துறைமுகச் சாலை ஹோட்டலில் கப்பல்காரர்களுக்கான கிறிஸ்துமஸ் விருந்து. அந்த மேடையில், சென்னையில் அவளுக்குப் பேர் வாங்கித் தந்த ஆங்கில மழைப் பாட்டை மறுபடி பாட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஈரத்தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். பேண்டு என்றால் பெரிசாக ஒன்றுமில்லை. கீபோர்டு சிலுவை, தாளத்துக்கு ஒரு மிஷின், சாக்ஸபோனுக்கு அந்தக் கறுப்புப் பெட்டிக்காரர். பேர் கிங்ஸ்டன். பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். மாதா கோயில் பேண்டு செட்டில் கற்றுக்கொண்ட வாசிப்பு.

"எத்தனை கட்டைம்மா?" என்றார் சிலுவை.

"அஞ்சு," என்றாள் விஜிலா. யோசிக்கவே இல்லை. இருபத்து நாலு வயதில் பாடிய கட்டை அதுதான்.

பாடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பாட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் கட்டை என்பார்கள். அஞ்சு கட்டை உயரம், மூணு கட்டை அதற்குக் கீழே. அவரவர் தொண்டைக்கு எது தோதோ அதில் பாடிக்கொள்வதுதான் வழக்கம். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கினால் கட்டை இறங்கிவிடும். சாக்ஸபோன்காரர் பாடுதான் திண்டாட்டம். கட்டை மாறினால் அத்தனை விரலும் மாற வேண்டும்.

முதல் அடி நன்றாகத்தான் போனது. இரண்டாவது சரணத்தில் குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில்... கிரீச். பழைய கதவு திறந்தது போல ஒரு சத்தம். விஜிலாவுக்கு முகமெல்லாம் சூடாயிற்று.

"ஒரு கட்டை இறக்கிப் பாக்கலாமா?" என்றார் கிங்ஸ்டன், மெதுவாக. "நாலுல எனக்கும் விரலுக்குச் சுளுவு."

"எதுக்கு இறக்கணும்? தொண்டையில ஈரம். நாளைக்குச் சரியாயிரும்."

"அதுக்கில்ல..."

"அஞ்சுலதான் பாடுவேன்."

சிலுவை நல்ல மனுஷன். ஆனால் எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. "பாடுங்கம்மா, பாடுங்க. உமாராணியும் இதை அஞ்சுலதான் பாடும். ஊதித் தள்ளிரும். நம்ம கிங்ஸ்டன் அப்படியே அது குரல் பின்னாலேயே போவான் பாத்துக்கிடுங்க... ரெண்டும் ஒண்ணா இழையும்!"

கிங்ஸ்டன் குனிந்து சாக்ஸபோனைத் துடைத்தார். காது சிவந்திருந்தது. விஜிலா அதைப் பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம்.

யார் இந்த உமாராணி?

* * *

உமாராணி, இந்தப் பேண்டில் ஆறு வருஷம் பாடியவள். போன வருஷம் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடுகிற ஒரு சுற்றுலாக் கப்பலில் பாடப் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. இதெல்லாம் விஜிலா கேட்காமலே சிலுவை சொன்னது. கேட்காமல் தெரிந்துகொண்டது போதாமல் வீட்டுக்குப் போய் போனில் தேடினாள். பதினான்கு வீடியோ இருந்தது. பதினான்கையும் பார்த்தாள். முதலில் பாட்டைக் கேட்டாள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுக் கிங்ஸ்டனை மட்டும் பார்த்தாள். சாக்ஸபோன் உமாராணி பக்கமாகச் சாய்ந்திருந்தது. என்னத்துக்கு அப்படிச் சாய வேண்டும்? நேராக நின்று ஊதினால் காற்று வராதோ?

புதன்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிகர்சல். ஒவ்வொரு தடவையும் அஞ்சு கட்டை, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கிரீச். கிங்ஸ்டன் ஒன்றும் சொல்வதில்லை. அந்த இடம் வரும்போது சாக்ஸபோனைக் கொஞ்சம் உரக்க ஊதி அவள் குரல் உடைவதை மூடிவிடுவார். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததனாலேயே அவர் மேல் ஆசையும் கோபமும் ஒன்றாக வந்தது.

ஆசை என்றா சொன்னேன்? ஆமாம், வேறென்ன சொல்ல? ரிகர்சல் நாளில் மட்டும் மல்லிகைப்பூ வாங்குகிறாள். அவர் கிரேன் ஷிஃப்ட் முடிந்து மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பாட்டுத் தாளைத் தலைகீழாகப் பிடிக்கிறாள். அதற்கு வேறு பேர் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

ஒருநாள் கிங்ஸ்டன் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் கொண்டுவந்தார். முதலில் அவளிடம்தான் நீட்டினார். "தொண்டைக்கு இனிப்பு நல்லதில்லம்பாவ. ஆனா மனசுக்கு நல்லது," என்றார். அந்தக் கண்கள் சிரித்தன. விஜிலா ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"உமாராணிக்கு மக்ரூன்னா உசுரு!" என்றார் சிலுவை.

எடுத்ததைத் தாளிலேயே திரும்ப வைத்தாள் விஜிலா. "எனக்கு முந்திரி ஆகாது."

"போன வாரம் கேக்குல முந்திரி பொறுக்கித் தின்னிய?" என்றார் கிங்ஸ்டன்.

"அது போன வாரம்."

அன்றைக்கு இரவு மகள் போன் செய்தபோது விஜிலா உமாராணியின் கம்மலில் தொடங்கி, அவள் மைக் பிடிக்கிற விதம், உச்சரிப்பு, தலை அசைப்பு எல்லாவற்றுக்கும் குறை சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

"எம்மா," என்றாள் இவாஞ்சலின், "நீ பொறாமப்படுத."

"நானா? அந்தப் பிள்ளை மேலயா? ஏளா, எனக்கென்ன தலையெழுத்து!"

"அந்தப் பிள்ளை பாட்டுக்காகவா, வீடியோவுல பக்கத்துல நிக்கிற அங்கிளுக்காகவான்னு மட்டும் சொல்லு."

விஜிலா போனை வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் இப்படிப் பிடிபடுவதைப் போல் வெட்கக்கேடு வேறு உண்டா?

* * *

டிசம்பர் முதல் வாரம். ரிகர்சல் நடுவில் மின்சாரம் போனது. கீபோர்டு செத்தது, தாள மிஷின் செத்தது. வெளியே இருட்டிக்கொண்டு மழை... ஜன்னல் கம்பியில் துளிகள் ஓடின. சிலுவை மெழுகுவத்தி தேடிக் கீழே போனார்.

யாரும் கட்டை கேட்கவில்லை. யாரும் தாளம் போடவில்லை. விஜிலா ஜன்னல் ஓரமாக நின்று சும்மா, தனக்காக, அந்த மழைப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். முணுமுணுப்பு பாட்டானது. கிரீச் விழுகிற இடம் வந்தது, போனது, அவள் கவனிக்கவே இல்லை. குரல் கீழே போய் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து எழுந்து வந்தது. முடித்துவிட்டுத் திரும்பினாள். கிங்ஸ்டன் சாக்ஸபோனைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு சுரம் வாசிக்கவில்லை.

'உமாராணி பாடினால் சாய்ந்து சாய்ந்து வாசிப்பார். நான் பாடினால் ஊமை!' என்று நினைத்தாள் விஜிலா.

அடுத்த புதன்கிழமை மாடிப்படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. மேலே போனால், நடு அறையில் உமாராணி. வீடியோவில் இருந்ததைவிட உயரம். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள்.

"விஜிலாக்கா! உங்களைப் பத்தி சிலுவை அண்ணன் ரொம்பச் சொன்னாவ," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை மெத்தென்று இருந்தது. குணமும் நல்ல குணமாக இருந்தது. அதுதான் விஜிலாவுக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்!

"ஒரு தடவ பாடேன், கேப்போம்," என்றார் சிலுவை. உமாராணி பாடினாள். அஞ்சு கட்டை. குரல் மேலே ஏறி, நின்று, சிரித்துவிட்டு இறங்கியது. கிங்ஸ்டன் பின்னாலேயே போனார். சிலுவைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விஜிலாவைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, ஒண்ணும் நினைக்கக் கூடாது... விருந்துல மழைப் பாட்டை மட்டும் உமா பாடட்டுமா? நீங்க மத்ததைப் பாடுங்க."

விஜிலா கிங்ஸ்டனைப் பார்த்தாள். 'கூடாது' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பார்த்தாள்.

"சனிக்கிழமை முடிவு பண்ணுவோம்ணே," என்றார் கிங்ஸ்டன்.

சனிக்கிழமை! இதற்கு ஒரு சனிக்கிழமை வேண்டுமாக்கும்?

மறுநாள் சாயங்காலம் அவள் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தாள். வீட்டில் மூச்சு முட்டியதால் வந்தாள், அவ்வளவுதான். மழை விட்டிருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தூரத்தில் ஒரு சாக்ஸபோன்... கால் தானாக நின்றது. தடுப்புச் சுவரில் கிங்ஸ்டன் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உமாராணி, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழைப் பாட்டுதான். ஆனால் அஞ்சு கட்டை இல்லை. விஜிலாவின் காது உடனே பிடித்துவிட்டது... மூணு. அவர் தடுமாறினார், நிறுத்தினார், திரும்ப முதலிலிருந்து வாசித்தார். கட்டை மாற்றிப் புதிதாகப் பழகுகிறார். உமாராணிக்காக! யாருக்கும் தெரியாமல் இரண்டு பேரும் சேர்ந்து என்னமோ ஏற்பாடு பண்ணுகிறார்கள்!

அஞ்சு கட்டையில் அநாயாசமாகப் பாடுகிறவளுக்கு மூணு எதற்கு என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. பாட்டுக்காரிக்குக் காது நன்றாகத்தான் வேலை செய்தது. மூளைதான் அன்றைக்கு லீவு. இதே தப்பை இசை தெரியாத ஒருத்தி செய்திருக்கவே முடியாது. அவளுக்கு அது எத்தனை கட்டை என்றே தெரிந்திருக்காதே!

வீட்டுக்கு வந்ததும் சிலுவைக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'நான் இனி வரவில்லை. உமாராணியையே எல்லாப் பாட்டும் பாடச் சொல்லுங்கள்.' போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

* * *

விருந்துக்கு இரண்டு நாள் இருந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கேட்டில் யாரோ தட்டினார்கள். குடை பெட்டிக்கு, மழை ஆளுக்கு... வேறு யார்?

"போன் எங்க?" என்றார் கிங்ஸ்டன், வாசலில் நின்றபடியே.

"ரிப்பேர்."

"ஆளு?"

"ஆளும் ரிப்பேர்தான். உள்ள வாங்க, நனையாதிய." நாற்காலி காட்டினாள். துண்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு கேட்டும்விட்டாள். "உமாராணிக்கு மூணு கட்டை நல்லாப் பழகிட்டியளா?"

அவர் தலை துவட்டுவதை நிறுத்தினார். "உமாவுக்கா? அது அஞ்சுல பாடுற பிள்ளைல்லா. அதுக்கு எதுக்கு மூணு?"

"கடற்கரையில பாத்தேன். காதாலயும் கேட்டேன்."

"மூணு உங்க கட்டை."

"என்னது?"

"கரண்டு போன அன்னைக்கு நீங்களா எடுத்துப் பாடினிய பாருங்க, அது மூணு. கீபோர்டு இல்ல, யாரும் கேக்கல, உங்க தொண்டையே போய் உக்காந்த இடம் அது. நான் அப்படியே உறைஞ்சு போய்ட்டேன். கூட வாசிக்கணும்னு ஆசை... விரல் தெரியல. சாக்ஸ்ல மூணு கட்டைன்னா பேய்ப்பாடு. நாலுன்னா கண்ண மூடிட்டு வாசிப்பேன். அதான் பத்து நாளா கடற்கரையில உக்காந்து பழகுதேன். வீட்டுல வாசிச்சா பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வாராரு. சனிக்கிழமை வாசிச்சுக் காட்டிட்டு, அப்புறம் சிலுவை அண்ணன்ட்ட பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க கடையச் சாத்திட்டிய."

விஜிலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாள்... இவளுக்காக ஒரு மனுஷன் பத்து நாள் விரல் மாற்றியிருக்கிறான். பொறாமை என்னமோ உடனே போய்விடவில்லை. அது பாட்டுக்கு ஓர் ஓரமாக உட்கார்ந்து அடுத்த கேள்வியை எடுத்துக் கொடுத்தது.

"உமாராணி அங்கன எதுக்கு?"

"அவ கப்பல்ல சாக்ஸுக்கு ஆள் கேக்காவளாம். ஆறு மாசம். என்னைக் கூப்பிடுதா. இருபதாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும்." துண்டை மடித்து வைத்தார். "இன்னொண்ணும் சொல்லிருதேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால அவகிட்ட நான் கேட்டேன், கல்யாணம் பண்ணிக்கிடுவோமான்னு. மாட்டேன்னுட்டா. அப்ப வலிச்சுது. இப்ப இல்ல. நீங்க வேற யார் வாய்லயோ கேக்கக் கூடாதுல்லா... அதான்."

அப்படியானால் அந்தச் சிவந்த காது பொய்யில்லை! விஜிலாவுக்குத் திருப்தியாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"மூணுல பாடினா வயசாயிட்டுன்னுல்லா சொல்லுவாவ?" என்றாள், பேச்சை மாற்ற.

"சொல்லட்டும். உங்க அஞ்சு கட்டையைக் கேட்ட மெட்ராஸ்காரங்க மேல எனக்கும்தான் எரியுது. இருபது வருசம் முந்தி கேட்டுட்டானுவளே! ஆனா இந்த மூணு கட்டை இருக்குல்லா... இதை அவனுவ கேக்கலங்க. இது பிள்ள பெத்து, ஆளாக்கி, எல்லாம் பாத்த குரல். இதை முதல்ல கேட்டவன் நான்."

மழை ஓட்டில் கொட்டியது. அவர் எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"கப்பலுக்கு என்ன பதில் சொல்ல? போகட்டுமா?"

'போகாதீங்க' என்று சொல்ல எத்தனை எழுத்து? நாக்கு நுனி வரை வந்தது.

"போங்களேன்," என்றாள் விஜிலா. "நல்ல வாய்ப்பு. என்னைக் கேட்டா?"

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மழையில் இறங்கினார். இந்த முறை குடையை விரிக்கக்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு விஜிலா தன் வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

* * *

இருபதாம் தேதி சாயங்காலம். ஹோட்டல் ஹாலில் நட்சத்திர விளக்கு, கிறிஸ்துமஸ் மரம், வெள்ளைச் சட்டைக் கப்பல்காரர்கள். முன் மேசையில் உமாராணி உட்கார்ந்திருந்தாள். மழைப் பாட்டு விஜிலாவுக்குத்தான் என்று கிங்ஸ்டன் சிலுவையிடம் ஒற்றைக்காலில் நின்றதும், உமாராணியே சிரித்துக்கொண்டு ஒதுங்கிக்கொண்டதும் காலையில் சிலுவை வீட்டுக்கே வந்து கூப்பிட்டபோதுதான் விஜிலாவுக்குத் தெரிந்தது. பிடித்த சேலையாக, கடல்பச்சையில் ஒன்று உடுத்தி வந்திருந்தாள்.

"மூணு கட்டைண்ணே," என்றாள் சிலுவையிடம், அவர் கேட்கும் முன்பே. மைக்கில் விழுந்தது. விழட்டும்.

பாடினாள். பாட்டைப் பற்றி நான் என்ன எழுத? தட்டில் ஸ்பூன் சத்தம் நின்றுபோனது. எப்போதும் உடைகிற இடத்தில் குரல் உடையவில்லை. கிங்ஸ்டனுக்கு ஓரிடத்தில் ஒரு விரல் தப்பியது. விஜிலா திரும்பி அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். தப்பிய விரலைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையே இல்லை. பாட்டு முடிந்ததும் ஹாலே எழுந்து கைதட்டியது. சிலுவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்தக் கைதட்டலுக்கு விஜிலா கைகூப்பினாள்.

மேடைக்குப் பின்னால் உமாராணி ஓடி வந்தாள். விஜிலாவைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, என்னமா பாடுதிய! எனக்கு அழுகையே வந்துட்டு." பிறகு கிங்ஸ்டன் பக்கம் திரும்பி, அவர் கையைப் பிடித்தாள். "இன்னைக்குத்தான் கடைசி நாள், கிங்ஸ்டன். ஏஜென்ட் போன்ல இருக்காரு. வாறியளா, இல்லையா?"

கிங்ஸ்டன் மறு கையால் சாக்ஸபோனைப் பெட்டிக்குள் வைத்து மெதுவாகத் துணியைப் போர்த்தினார். ஆனால் கண்கள் விஜிலாவிடம் இருந்தன. அன்றைக்கு வாசலில் கேட்டதை மறுபடி கேட்கிற கண்கள்.

விஜிலா அந்தக் கையைப் பார்த்தாள். உமாராணியின் விரல்கள், அவர் மணிக்கட்டில். பற்றிக்கொண்டு வந்தது. நல்ல வாய்ப்பு, போகட்டும், நமக்கென்ன என்று நல்லவளாக நிற்க அவளுக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் நின்றாள். யாரும் அவளை எதையும் விடச் சொன்னதில்லை. அவளாகத்தான் ஒவ்வொன்றாக, கேட்காமலே, கையிலிருந்து நழுவவிட்டாள்.

"அவரு வரமாட்டாரு," என்றாள்.

உமாராணி திகைத்தாள். "அக்கா?"

"அந்தக் கையை விடு, உமா. எனக்கு எரியுது." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும். "உன் வீடியோ பதினாலும் பாத்திருக்கேன். நீ சிரிச்சாலும் எரியுது, இவரு உன் பக்கம் சாஞ்சாலும் எரியுது, நீ நல்ல பிள்ளையா இருக்கிறது அதைவிட எரியுது. நாப்பத்தாறு வயசுல இப்படியான்னு நீ நினைக்கலாம். நானும் நினைச்சேன். நினைச்சும் போக மாட்டேங்குது." கிங்ஸ்டன் பக்கம் திரும்பினாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. "அன்னைக்கு 'போங்க'ன்னு சொன்னது பொய். போகாதிய. ஆறு மாசம் இல்ல, ஆறு நாளும் போகாதிய. நான் பொறாமைக்காரி, சொல்லிட்டேன், பின்னால தெரியலன்னு சொல்லக் கூடாது. இதுவரைக்கும் யார்ட்டயும் எதுவும் வேணும்னு கேட்டதில்ல. இப்ப கேக்கேன். எனக்கு நீங்க வேணும்."

உமாராணி கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், வேற ஆள் பாருங்க," என்றபடி வெளியே நடந்தாள்.

கிங்ஸ்டன் எழுந்து நின்றார். பெட்டியை மூடி விஜிலாவின் கையில் கொடுத்தார்.

"நான் கேட்டு, இல்லைன்னு வாங்கினவன், விஜிலா," என்றார். "என்னை வேணும்னு கேட்டது நீங்கதான்... முதல்ல."